மல்லாட்டை உரித்தவர்

திண்டிவனத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு நாள் சுற்றுலாவாகப் பதினோரு பேர் வேனில் போனோம். கூட்டிப்போன கைடு ஒல்லியான மனிதர். நரைத்த மீசை, காதை மறைத்த மப்ளர். விழுப்புரம் தாண்டியதிலிருந்தே சட்டைப் பையிலிருந்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை எடுத்து, உரித்து உரித்து டிரைவரின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டி ஓட்டுகிறவருக்கு எதற்கு ஓயாமல் தீனி?

சாயங்காலம் மலை இறங்கும்போது கருகல் வாசனை வந்தது. கைடு வேனை ஓரங்கட்டச் சொன்னார்.

“பிரேக் சூடாயிடுச்சி. எல்லாரும் எறங்குங்க. ஆறினதும் வண்டி முன்னால போவும், நீங்க பின்னாடி நடந்து வாங்க. இன்னும் மூணு வளைவுதான்.”

தூறலில் நின்று ஆளாளுக்கு அவரைத் திட்டினோம். வெகுநேரம் கழித்து வேன் கிளம்பியபோது அவரும் ஏறினார்.

“நீங்க எதுக்கு ஏறுறீங்க?” என்றேன்.

“தனியா போனா அவரு பயப்படுவாருங்க. பயந்தா பிரேக்கை மிதிச்சிக்கினே இருப்பாரு.”

வேன் செகண்ட் கியரில் முனகிக்கொண்டே வளைவில் மறைந்தது. நாங்கள் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவர் உடையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தோம்.

அடிவாரத்தில் வேன் நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தார். கைடு எங்களை எண்ணி ஏற்றினார். அவர் சீட்டுக்குக் கீழே ஒரே மல்லாட்டைத் தோல். சீட்டில் விரித்த மப்ளரில், அந்த மூன்று வளைவுக்குள் உரித்த பருப்பு ஒரு குவியல். டிரைவரும் தின்னவில்லை, அவரும் தின்னவில்லை.