ஓடைக்கரை மான்

பாரிஸின் லா சப்பலில் என் கடைக்கு வரும் ஓர் அண்ணை, அரச காட்டில் அனுமதியோடு மான் வேட்டையாடுபவர். நானும் புதிதாக அனுமதி எடுத்ததும் அவரிடம் நல்ல இடம் கேட்டேன். வரைபடத்தில் ஒரு மேட்டைக் காட்டினார்.

"ஓடைப்பக்கம் மட்டும் போகாதை, தம்பி."

மான் தண்ணீருக்குத்தானே வரும்? நல்ல இடத்தைத் தனக்கென்று ஒளிக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். ஞாயிறு காலை ஓடைக்கே போனேன். ஈரமண் முழுக்கக் குளம்புத் தடங்கள். "கள்ளன்!" என்று முணுமுணுத்தேன்.

மான் வந்தது. குறிபார்த்தேன். அதன் பின்னால் புதருக்குள் ஏதோ சிவப்பாக அசைந்தது. முதுகில் குழந்தையோடு காளான் பறித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். விசையிலிருந்து விரலை எடுத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

மறுநாள் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்கை சனம் வாறதாலைதான் சொன்னனான். ஏனெண்டு ஒருக்கால் கேட்டிருக்கலாமே?"

கேட்கத் தோன்றவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.