வெள்ளையில் வெள்ளை எழுத்து

சிதம்பரம் கீழவீதியில் ஒரு டுட்டோரியல் சென்டரின் மாடியில் எங்கள் முதல் கூட்டம் நடந்தபோது அண்ணன் ஒரு பிளக்ஸ் பேனர் அடித்துக்கொண்டு வந்திருந்தான். எங்கள் பக்கம் காதுகுத்துக்குக்கூட வரிசையாக முகங்களைப் போட்டுத்தான் பேனர் அடிப்பார்கள். அண்ணன் கொண்டுவந்ததில் ஒரு முகமும் இல்லை. நாங்கள் செய்த மென்பொருளில் ஒரு வரியைத் திருத்தியவர், ஒரு சொல்லை மொழிபெயர்த்தவர், பிழை இருக்கிறது என்று போன் பண்ணிச் சொன்னவர் என எல்லாருடைய பெயர்களும் அகர வரிசையில் இருந்தன. அவன் பெயர் நடுவில் எங்கோ கிடந்தது. "ஏண்ணா, உம் பேர மேல போட்டா என்ன?" என்று கேட்டேன். "நான் மட்டுமா செஞ்சேன்?" என்றான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இன்றைக்கு அந்த மாடியை நினைத்தாலே முகம் சூடாகிறது.

அப்பா நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அண்ணன் டிப்ளமா முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தான். சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அதை விட்டுவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய அறை எடுத்து, இணையதளம் செய்துகொடுக்கும் கடை போட்டான். பி.சி.ஏ. முடித்த நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன். நாங்கள் பயன்படுத்தியது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அண்ணனுக்கு அது ஒரு தொழிலாக மட்டும் இருக்கவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தர்மபுரியிலிருந்து "என் பக்கத்தில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது" என்று இணைய மன்றத்தில் எழுதினால், கையில் இருக்கிற காசு வேலையை ஓரமாக வைத்துவிட்டு அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவான்.

அப்படித்தான் அந்தத் தீம் பிறந்தது. தீம் என்றால் ஒரு தளத்துக்கு உடை மாதிரி. தலைப்பு எங்கே வர வேண்டும், எழுத்து எந்த அளவு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். தமிழுக்கென்று ஒழுங்கான தீம் அப்போது அதிகம் இல்லை. அண்ணன் ஒன்றை எழுதினான். பொத்தான்களில் வரும் சொற்களை நான் தமிழாக்கினேன். மாதம் ஒரு ஞாயிறு சிதம்பரத்தில் கூடுவோம். பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வருவார். எல்லாருக்கும் அவர் மாமா. போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், சிதம்பரத்திலேயே எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இன்னும் சில மாணவர்கள். டீயும் சமோசாவும் வரும். ஆளுக்கொரு குறை சொல்வார்கள், அங்கேயே உட்கார்ந்து திருத்துவோம். தீம் இறக்கிக்கொள்ளும் பக்கத்தில் போட ஒரு அறிமுகம் எழுதச் சொன்னான் அண்ணன். நான் எழுதியதன் கடைசி வரி இது: "இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் திறந்து பாருங்கள்."

எங்கள் பங்குக் கோவிலுக்கும் அந்தத் தீமில்தான் தளம் செய்து கொடுத்தோம். ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் பாதர் பீடத்திலிருந்தே எங்கள் இருவர் பெயரையும் சொன்னார். அம்மா முன்வரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே திரும்பித் திரும்பி யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தாள்.

அடுத்த வருஷம் கோவில் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் பாதர் எனக்குப் போன் செய்தார். அண்ணனை விட்டுவிட்டு என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று யோசித்துக்கொண்டே போனேன். அலுவலக அறையில் உபதேசியாரை வெளியே அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "நீயே படிச்சுப் பாரும்மா. எனக்கு வாய்விட்டுச் சொல்ல வரல," என்றார். துபாயில் இருக்கும் பங்குப் பையன் ஒருவன் கொடியேற்றம் என்றைக்கு என்று தேடியிருக்கிறான். தேடலில் எங்கள் கோவிலின் பெயர் வந்தது. அதற்குக் கீழே, கோவிலைப் பற்றிய குறிப்பு வரவேண்டிய இடத்தில், ஆண்களுக்கான மாத்திரைகளின் பெயர்களும் அவை என்ன செய்யும் என்பதும் ஆங்கிலத்தில் வரிசையாக வந்திருந்தன. நான் திரையைப் பார்த்தேன். பாதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ உள்ள புகுந்து வேல பண்ணியிருக்காங்க பாதர். இன்னைக்கே சரி பண்ணிடறோம்," என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன்.

"பாவம், உங்களப் போயி எவனோ இப்பிடிப் பண்ணிட்டான் பாரு," என்றார் அவர்.

கடைக்குத் திரும்பும் வழியில் சிதம்பரத்துப் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். எங்களில் பொறுமையாக நிரல் வரிகளைப் படிப்பவள் அவள்தான். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "அக்கா, கோவில் தளத்துல மட்டும் இல்லக்கா. தீம்லயே இருக்கு. கடைசி வரி புரியாத எழுத்தா கலைச்சுப் போட்டிருக்கு. பிரிச்சுப் பாத்தா எல்லாம் அந்த மாத்திர விக்கிறவன் தளத்துக்குப் போற இணைப்பு. வெள்ளப் பின்னணியில வெள்ள எழுத்து, அதான் நம்ம கண்ணுக்குத் தெரியல, தேடற எந்திரத்துக்கு மட்டும் தெரியுது. யாரோ அண்ணன் கணக்குல புகுந்து போட்டுட்டாங்க. அண்ணங்கிட்ட பக்குவமா சொல்லுங்கக்கா, ஒடஞ்சிருவாரு."

பக்குவமாகத்தான் சொன்னேன். அண்ணன் ஒரு நர்சரிப் பள்ளிக்கு லோகோ வரைந்துகொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மவுஸைத் தள்ளி வைத்தான்.

"அத நாந்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். எவனோ ஒருவன் மின்னஞ்சலில் வந்திருக்கிறான். தீம் எத்தனை தளங்களில் ஓடுகிறதோ அதற்குத் தகுந்தாற்போல் மாதாமாதம் பணம். கடை நடப்பதே கஷ்டமாக இருந்த சமயம். "கண்ணுக்கே தெரியாதத யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன். அது என்ன தளம்னுகூட மொதல்ல நான் பாக்கல. பாத்தப்பறம் எடுக்க முடியல," என்றான். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உன் சம்பளம் மாசம் தவறாம வந்துதுல்ல? அது எங்கேருந்து வந்துதுன்னு நெனச்ச?" என்றான்.

அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது. அந்தச் சம்பளத்தில் நான் வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டுதான் அம்மா அந்த ஈஸ்டர் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒளிவுமறைவு இல்லை என்று நான் எழுதிய வரி, ஒளித்து வைத்ததற்கு மேலேயே ஒரு வருஷமாக நின்றிருக்கிறது. திறந்து பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அண்ணன் எழுதியதை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?

"இப்பவே புதுப் பதிப்பு போட்டுடறேன். பிழை சரி செய்யப்பட்டதுன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரிய வேணாம்," என்றான்.

"அந்தப் பொண்ணு நீ ஒடஞ்சிருவேன்னு பயப்படுது. அதுக்கிட்ட என்ன சொல்லட்டும்?"

அவன் மறுபடி மவுஸை எடுத்து லோகோவை வரையத் தொடங்கினான். அந்த வாரம் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்து, வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சிதம்பரம் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால், அவன் முன்னால் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். இருவரும் சேர்ந்து உட்காரவில்லை. சிப்காட் வந்ததும் கெமிக்கல் நாற்றத்துக்கு எல்லாரும் வழக்கம்போல் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். அவன் இறக்கவில்லை.

மாடியில் எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் அவன் எழுந்து நின்று, எனக்குச் சொன்னதையே சொன்னான். காரணம் எதுவும் சொல்லவில்லை, கடைக் கஷ்டத்தையும் சொல்லவில்லை. யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பண்ருட்டி மாமாதான் முதலில் கேட்டார். "நம்ம முந்திரிக் கட பக்கத்துலயுமா மாப்ள?"

"ஆமா மாமா."

"என்னுதுலயும்?" என்றார் ஸ்டுடியோக்காரர். கல்யாண ஆல்பம் போடும் தளம் அவருடையது.

"இருக்குண்ணே."

கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பாடம் நடத்திய பள்ளியின் பழைய மாணவர்களுக்காக ஒரு தளம் வைத்திருந்தார். "எங்க பசங்களோடதுலயும் இருக்காப்பா?"

"இருக்கு சார்."

இப்படியே அறையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவருக்கும் தெரியும், எல்லாவற்றிலும் ஒரே தீம்தான் என்று. ஆனாலும் ஒவ்வொருவரும் தன்னுடையதைத் தனியாகக் கேட்டார், அவனும் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொன்னான். நான் தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண். "என் பைனல் இயர் ப்ராஜெக்ட்டே இதுதாண்ணா. அதுல எம் பேரும் இருக்கு," என்றாள். 

"சரி. எடுக்கறது எப்பிடின்னு சொல்லு, மொதல்ல அதப் பாப்போம்," என்றார் மாமா. அண்ணன் போர்டில் எழுதிப் போட்டான். அன்று மதியம் முழுக்க ஒவ்வொரு தளமாகச் சுத்தம் செய்தார்கள். வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும் இடத்தில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அவனுக்கும் ஒரு டீ எடுத்து வைத்தார்கள். அது ஆடை படிந்து அங்கேயே இருந்தது.

பாதரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "கோவில்ல வேற யாராவது சொல்லி அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க," என்றார். அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "என்ன மாத்திர அது?" என்பதுதான். நான் சொல்லத் தெரியாமல் நின்றேன். அதைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் வெகுநாள் அவள் கோவிலில் பின்னால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு போட்டாள், பேசினாள், எல்லாம் செய்தாள்.

கொஞ்ச நாளில் அண்ணன் கடையை என்னிடம் கொடுத்துவிட்டு மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். சிலர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் போனேன். போகாமல் இருந்தால் எனக்கும் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும் என்ற பயத்தில் போனேன் என்பதுதான் உண்மை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்த சொற்களில் திருத்தம் சொல்லும்போது மட்டும் முன்பைவிட மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதை உறுத்தியது. தீமின் பொறுப்பைச் சிதம்பரத்துப் பெண் எடுத்துக்கொண்டாள். அவள் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்றே ஒன்று: யார் எதை எழுதி அனுப்பினாலும், எழுதாத இரண்டு பேர் வரிவரியாகப் படித்த பிறகுதான் அது சேரும். அதை அறிவித்தபோது அவள் என் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள்.

தானே புயலுக்குப் பிறகு, ஊரெல்லாம் கரண்டு வந்து ஓரளவு நிமிர்ந்த சமயத்தில், தீமுக்கு ஒரு திருத்தம் வந்தது. கைப்பேசியில் பார்க்கும்போது தமிழ்த் தேதி இரண்டு வரியாக உடைந்துபோவதைச் சரிசெய்யும் சில வரிகள். அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் அண்ணனின் முழுப்பெயர். புனைபெயர் வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் அப்போது சென்னையில் வேலையில் இருந்தாள். அவள் படித்துவிட்டுச் சரி என்று குறித்திருந்தாள். இரண்டாவது ஆளாக என் பெயரைப் போட்டிருந்தாள். வேண்டுமென்றே போட்டாளா, வேறு ஆள் இல்லாமல் போட்டாளா, நான் கேட்டதில்லை.

படித்தேன். சரியாக இருந்தது. மறுபடி படித்தேன். ஒவ்வொரு அடைப்புக்குறியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன். வரிகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தைத் தேர்வு செய்து, அதில் ஏதாவது எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. தேதி உடையாமல் வருவதற்கு என்ன வேண்டுமோ அது மட்டும் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் பாலைவனத்தில் உட்கார்ந்து, லீவு நாளில், தன் சொந்தப் பெயரில் எழுதி அனுப்பிய அந்தச் சில வரிகளில் ஒரு மதியம் முழுக்க நான் திருட்டைத் தேடியிருக்கிறேன். அவன் செய்ததற்காக நான் வெட்கப்பட்டதெல்லாம் ஒரு பக்கம். இது வேறு. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சரி என்று குறித்துவிட்டுக் கடையைச் சாத்தப் போகும்போது அவனே போன் செய்தான்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேண்ணா. சேத்தாச்சு."

 அந்தப் பக்கம் ஏதோ லாரி போகும் சத்தம் கேட்டது.

"நல்லாப் பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "உன்னுதப் போயி என்னண்ணா பாக்கறது" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"நல்லாப் பாத்தேண்ணா. ரொம்ப நேரம் பாத்தேன்."

"ம்," என்றான். பிறகு, "அம்மா சாப்டுச்சா?" என்று கேட்டான்.