மகள் குழைத்த சிமெண்டு

எனக்குப் பொறுமை கிடையாது. இட்லி வெந்துவிட்டதா என்று மூன்று முறை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். என்னைப் போய் ஒரு சாரல் காலம் முழுக்கக் காக்க வைத்தாள் என் மகள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கணவர் ராணுவத்தில் இருப்பதால் கட்டுகிற பாடு என் தலையில். மகள் திருநெல்வேலியில் சிமெண்டைப் பற்றித்தான் மேல்படிப்புப் படிக்கிறாள். சிமெண்டில் பாதியைக் குறைத்துவிட்டு, சுட்ட களிமண் பொடியும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்துக் குழைக்கிற கலவை அவர்களுடையது. நம் பக்கத்துக் களிமண்ணில் செய்ததை முன்னறைக் கூரைக்குப் போடுவோம் என்றாள்.

"சாதா சிமெண்டுக்கு என்னட்டி கொறைச்சல்?"

"சுண்ணாம்புக்கல்லச் சுட்டாத்தான் சிமெண்டும்மா. சுடும்போது கல்லுக்குள்ள அடைஞ்சு கெடக்க கரிக்காத்து பூரா வெளிய போயி ஒலகத்தச் சூடாக்குது. அடுப்புப் பொகை தனி. களிமண்ணுல அந்தக் காத்தே கெடையாது, சூடும் கம்மியாப் போதும்."

கல்லுக்குள் காற்று கிடக்கும் என்று யார் கண்டது? அன்று வெற்றிலைக்குத் தடவ எடுத்த சுண்ணாம்பை விரலில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு சரி என்று சொன்னேன்.

கூரை போட்ட அன்றே, அதே கலவையில் சோதனைக்கென்று சில கட்டிகளும் வார்த்து எடுத்துப் போனாள். ஒரு வாரம் கழித்து அவற்றில் ஒன்றை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தால், சாதா சிமெண்டுக் கட்டியின் பாதி பலம்கூட இல்லை. வீட்டைக் கட்டித்தரும் அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். "தங்கச்சி, இது வேலைக்காவாது. கூரையத் தாங்குற முட்டுக் கம்ப எடுத்தா தலையில உக்காந்துரும். இடிச்சிட்டு நல்ல சிமெண்டாப் போடுவோம்."

மகளோ, "இது மெதுவாத்தான் இறுகும், ஈரம் மட்டும் வேணும்" என்றாள். சாரல் படக்கூடாதென்று அண்ணாச்சி கூரையை மூடியிருந்த தார்ப்பாயை மேலே ஏறி உருவிப் போட்டாள். குற்றாலத்துக்கு ஊர்ப்பட்ட சனம் நனைய வந்தது. எங்கள் கூரையும் கூடவே நனைந்தது. நான் தினமும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாரல் ஓய்ந்ததும், அவள் கல்லூரியில் தண்ணீரில் ஊறப் போட்டிருந்த மிச்சக் கட்டிகளைச் சோதிக்க நானும் போனேன். முதலில் சாதா சிமெண்டுக் கட்டி உடைந்தது. அடுத்து எங்களுடையது. சாதாக் கட்டி உடைந்த எண்ணைத் தாண்டி எந்திரத்தில் எண் ஏறியது, இன்னும் ஏறியது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. கடைசியில் பட்டென்று வெடித்த சில்லைக் கையில் எடுத்தேன். லேசாகச் சிவந்து, கருங்கல் மாதிரி இருந்தது. வயலில் காலில் ஒட்டுகிற மண், தண்ணீரைக் குடித்துக் குடித்து இப்படி ஆகியிருக்கிறது. நம்பவே முடியவில்லை.

"கட்டி தேறினது வேற, கூரை வேற" என்றார் அண்ணாச்சி. முட்டு எடுக்கிற அன்று வேலையாட்களைத் தவிர எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னார். மகள் விறுவிறுவென்று உள்ளே போய் நடு அறையில் நின்றாள்.

"ஏட்டி, வெளிய வா."

"அவங்க நிக்காங்கல்லம்மா. கலவை என்னுது, நான் நிக்காண்டாமா?"

நானும் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முட்டாக விழுந்தது. கடைசி முட்டும் போய்ப் பலகைகளை இறக்கியபோது கூரை தெரிந்தது. பலகையின் வரிகள், ஆணித் தலைகள் எல்லாம் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு கீறல் இல்லை. முட்டு இல்லாமல் அத்தனை பாரமும் சும்மா நின்றது. அண்ணாந்து பார்த்தவள் பார்த்தபடியே நின்றேன்.

"நான் ரொம்பப் பயந்துட்டேன்ட்டி" என்றேன்.

அவள் கை என் கைக்குள் சில்லிட்டிருந்தது.

"நானுந்தாம்மா" என்றாள். "மொதக் கட்டி ஒடைஞ்ச நாள்லேருந்து."