துண்டு மூடிய தட்டு

எல்லாவற்றையும் மறந்துவரும் அப்பாவின் முன், சாவியும் சீப்பும் புளியங்கொட்டையும் வைத்த தட்டைத் துண்டால் மூடினேன்.

தொண்ணூறுகளில், முக்கூடலில், சிறுமியாக இருந்த எனக்கு இப்படி மூடியவர் அவர். அம்மை போட்டு, காய்ச்சல் மூளைக்கு ஏறியபோதும், "ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மன் கோவிப்பா" என்று வேப்பிலை மணக்கும் அறையிலேயே என்னைக் கிடத்தியிருந்தார். பிழைத்தேன். ஆனால் சொற்கள் மறந்தன; தூங்கினால் மீதியும் மறந்துவிடுமோ என்று கண்ணை மூடவே பயந்தேன்.

பிறகு டாக்டர் சொன்ன பயிற்சி இது. ஒரு பொருளை ஒளித்துவிட்டு, "எது இல்ல? பைய சொல்லுட்டி" என்பார். நான் தவறினால், "தப்பு எம்மேலதாம்ட்டி" என்பார். மெல்ல மெல்லச் சொற்கள் திரும்பின, பயமும் போனது.

இன்று சாவியை ஒளித்துவிட்டுத் துண்டை விலக்கினேன். "எது இல்லப்பா?"

தட்டைப் பார்க்காமல், யாரோ ஒரு பெண்ணிடம் பேசுவதுபோல் சொன்னார்: "எம் புள்ளைய அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும், தாயி."