ரத்தாகாத சாவி

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பூட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியமாகச் செய்தி அனுப்பும் செயலி ஒன்றில், ஒவ்வொருவர் போனிலும் ஒளிந்திருக்கும் மறைச்சாவிக்கு அவள்தான் பொறுப்பு. போன் களவு போனால் வேறொரு போனிலிருந்து அந்தச் சாவியை ரத்து செய்யலாம். பிறகு திருடனால் ஒரு செய்தியைக்கூடப் படிக்க முடியாது.

அந்த வசதியை விஷமிகள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். பொய்யான ரத்துக் கோரிக்கைகளை லட்சக்கணக்கில் கொட்ட, சர்வர் திணறிப் படுத்துவிட்டது. பூட்டுக்காரி ஒரு வழி செய்தாள். கோரிக்கை அனுப்பும் போன் முதலில் கடினமான கணக்கு ஒன்றைப் போட்டு முடிக்க வேண்டும். ஒரு தடவை அனுப்புகிறவருக்கு அது கண் இமைக்கும் நேரம். லட்சம் தடவை அனுப்புகிறவனுக்கு நாக்குத் தள்ளிவிடும். அவர்கள் விடவில்லை, இவளும் கணக்கின் கடுமையை ஏற்றிக்கொண்டே போனாள். ஒவ்வொரு முறையும் தன் புதுப் போனில்தான் சோதித்தாள்.

"பழைய போன்லயும் ஒரு தடவை பாத்துடும்மா" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"அப்புறம் பாக்கலாம் சார்."

கோரிக்கை வெள்ளம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளுடைய அக்கா, அடி உதைக்குத் தப்பி வந்த பெண்களுக்கு விடுதி நடத்திவந்தாள். தங்கை சொல்லித்தான் அந்தச் செயலிக்கு மாறியிருந்தாள். விடுதியிலிருந்து தனி வீட்டுக்குக் குடிபோயிருந்த தையல்காரி ஒருத்தியின் கணவன், ஒரு மதியம், அக்கா கையில் திறந்திருந்த போனைத் தெருவில் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அக்கா விடுதிக்கு ஓடி, அங்கிருந்த பழைய போனில் ரத்து பொத்தானை அழுத்தினாள். பிறகு மேசைத் தொலைபேசியில் தங்கையைக் கூப்பிட்டாள்.

"சுத்திக்கிட்டே இருக்குடி. போன் அடுப்பு மாதிரி கொதிக்குது!"

பூட்டுக்காரி கணினிப் பக்கம் திரும்பினாள். "வச்சிராதக்கா, கணக்கோட கடுமையை இதோ குறைச்சிடறேன்."

குறைத்தாள். அதற்குள் அவன் அக்காவின் செய்திகளில் மனைவியின் புது வீட்டு முகவரியைப் படித்துவிட்டான். விடுதிக் காவலாளி ஓடிப்போய்ச் சொன்னதால் தையல்காரி மகளோடு பின்வாசல் வழியாகத் தப்பினாள். அவன் தையல் இயந்திரத்தை அடித்து நொறுக்கினான். அன்றைக்கே அவள் ஊரை விட்டுப் போனாள்.

முதல் கோரிக்கைக்கு லேசான கணக்கு. ஒரே இடத்திலிருந்து மறுபடி மறுபடி வந்தால் மட்டும் கடுமை ஏறும். பூட்டுக்காரி அந்த வாரமே அப்படி மாற்றி எழுதினாள். இந்த யோசனை முன்பே ஏன் வரவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அக்கா ஒரு சொல்கூடத் திட்டவில்லை. "நீ என்ன, வேணும்னா செஞ்ச?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்தத் தையல்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்க்கா. எங்க இருக்காங்க?"

"எனக்கே தெரியாதுடி. யாருக்கும் தெரியாம இருக்கறதுதான் அவளுக்கு நல்லது."