கேட்காமல் போட்ட சரிக்குறி

இரண்டு வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஹம்பேர்க்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. வழக்கம்போல ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னால் மேடை, பின்னால் சமைக்கக் குசினி, நடுவில் இருநூறு கதிரைகள். அன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும்தான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு எதைச் செய்ய வேண்டும் என்று அட்டவணை போடுவேன். அதனால் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வயதில் மூத்தவர், ஊரில் வர்த்தகம் படித்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

"பிள்ளை, நீர் படிச்ச பிள்ளை. வேலைக்கு ஆக்களைப் பிரிச்சு ஒரு லிஸ்ட் போடும். பிறகு மேடையிலை பொருளாதாரத்தைப் பற்றி ஒரு இருவது நிமிஷம் கதையும். படம், பாட்டு எண்டு உதாரணம் சொல்லிக் கதையும். இல்லாட்டிச் சனம் தேத்தண்ணிக்கு எழும்பிப் போயிடும்."

ஒரு விஷயத்தைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடுகிற மற்ற விஷயம்தான் அதன் உண்மையான விலை. இதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அதற்கு ஜேர்மன் சொல்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணை உடனே சொன்னார்: "அமையச் செலவு! நாங்கள் பள்ளிக்கூடத்திலை படிச்சது. நல்ல விஷயம், கதையும்." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை எனக்குத் தந்தவரே அவர்தான்.

லிஸ்ட்டை எக்ஸெலில் போட்டேன். பெயர், வேலை, நேரம், வர முடியுமா என்று நான்கு நிரல்கள். ஆண்களுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவருக்குக் காற்பந்து விளையாட்டு இருந்தது. இன்னொருவருக்குக் காருக்குக் குளிர்கால டயர் மாற்ற டேர்மின், அதாவது முன்பதிவு, இருந்தது. சரி, வேண்டாம் என்று எழுதினேன். குசினிக்குப் பெண்களின் பெயர்கள் வந்தபோது, "அவையள் வருவினம்தானே, அதை ஏன் கேட்டுக்கொண்டு" என்றார் அண்ணை. நானும் நான்காவது நிரலில் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் சரிக்குறி போட்டேன். ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கும் அப்படித்தான் போடுவேன். ஆனால் அங்கே பழுதுபார்க்கும் நாள் எது என்றாவது முதலில் விசாரிப்பேன்.

குசினியில் ஓர் அக்கா இருந்தார். ஊரில் ஏழு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர். கலியாணம் கட்டி இங்கே வந்து மூன்று வருடம், ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மறுபடி தாதியாவதென்றால் ஜேர்மன் மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். ரோல்ஸ் சுருட்டுவதில் அவரை வெல்ல ஆளில்லை. மெல்லிய ரொட்டியில் கறியை வைத்து இரண்டு பக்கமும் மடித்து உருட்டினால், அடுத்தது கையில் இருக்கும். ஆகவே என் அட்டவணை அவருக்குக் காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை கொடுத்திருந்தது. வேகமான இயந்திரத்துக்கு அதிக நேரம்.

பதினொன்றே காலுக்கு நான் மேடை ஏறினேன். "வில்லன் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். கதாநாயகன் கதாநாயகியோடு பாட்டுப் பாடப் பனிமலைக்குப் போய்விடுகிறான். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் தங்கச்சியைக் காப்பாற்றியிருக்கலாம். ஆக, அந்தப் பாட்டின் விலை என்ன?" என்று கேட்டேன். "தங்கச்சி!" என்று மண்டபமே கத்தியது. "அண்ணை, இனிப் பாட்டுக் கேட்கேலாது போல கிடக்கு" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு நன்றாகப் போன மகிழ்ச்சியில் தேநீர் குடிக்கக் குசினிக்குள் போனேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "தங்கச்சி, மணி என்ன?"

"பன்னிரண்டு ஆகப்போகுது அக்கா. ஏன்?"

"எனக்கு இண்டைக்குப் பரீட்சை. ஒரு மணிக்குத் துவங்கும். பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு பூட்டிப்போடுவினம்."

பரீட்சை நடக்கும் இடம் நகரின் மறுபக்கம். நடை, எஸ்-பான் ரயில், மீண்டும் நடை என்று அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆர் கேட்டது? லிஸ்ட்டிலை பேர் வந்திட்டுது. பொது வேலைக்கு ஏலாது எண்டு சொன்னால் கதைப்பினம். காலமை வந்த உடனை அண்ணையிட்டைச் சொன்னனான். முடிச்சிட்டுப் போகலாம் எண்டவர்."

கதவடியில் அண்ணை நின்றார். "அக்கா இப்ப போகவேணும் அண்ணை" என்றேன்.

"இன்னும் நூற்றைம்பது ரோல்ஸ் கிடக்குப் பிள்ளை. மூண்டு மணிக்குப் பெரிய ஆக்கள் வருகினம். பரீட்சையை அடுத்த முறையும் எழுதலாம்தானே?"

"ரோல்ஸையும் அடுத்த முறை தின்னலாம்தானே?"

"பகிடி விடாதையும். அவ இல்லாமல் ஆர் சுருட்டுறது?"

எனக்குத் தலைக்குள் ஏதோ எரிந்தது. டயருக்கு டேர்மின் இருந்தவனை விட்டோம். பந்து உதைப்பவனை விட்டோம். மூன்று வருடமாக வேலை முடிந்து வந்து படித்த ஒருத்தியை நூற்றைம்பது ரோல்ஸுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம். அதுவும் அவருடைய வேலைக்கு ஒரு சதம் கொடுக்காமல். அமையச் செலவு என்று எனக்குச் சொல்லித்தந்த மனிதர் அதன் எதிரில் நின்றுகொண்டு அதைக் காணவில்லை.

கோபத்திலும் நான் ஒழுங்காகத்தான் பேசுவேன். மூன்று காரணங்களை அடுக்கினேன். அவர் மூன்றுக்கும் பதில் சொன்னார். நான் திரும்ப மறுத்தேன். அவர் அசையாததால் நேரே மேடைக்குப் போனேன். ஒரு நடனம் முடியும்வரை காத்திருந்து ஒலிவாங்கியை எடுத்தேன். "ஒன்று: இந்த ரோல்ஸைச் செய்பவர்களை நாங்கள் வரச் சொல்லிக் கேட்கவே இல்லை. இரண்டு: அவர்களின் நேரத்தைச் சங்கம் பூச்சியம் என்று கணக்குப் போட்டிருக்கிறது, அந்தக் கணக்கைப் போட்டவள் நான். மூன்று: இப்போதே ஆறு ஆண்கள் குசினிக்குப் போக வேண்டும்."

முதலில் ஒருவரும் அசையவில்லை. "எனக்குச் சுருட்டத் தெரியாதே" என்றார் ஒருவர். "சிகரெட் சுருட்டத் தெரியும்தானே, எழும்புங்கோ!" என்று அவருடைய மனைவியே சொன்னார். கைதட்டல் எழுந்தது. மூன்று பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். அண்ணைகூடத் தலையைக் குனிந்துகொண்டு அவர்களுக்குப் பின்னால் போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மேடையிலிருந்து இறங்கும்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது.

அக்கா குசினிக் கதவுக்குள் மேற்சட்டை போட்டு, தோளில் பையோடு நின்றார். எனக்காகக் காத்திருந்தார். அவரிடம் பயணச்சீட்டு இருந்தது, வழியும் தெரியும்; தனியாகவே போயிருக்கலாம். ஆனால் நான் அவருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன், முடியுமுன் போனால் மரியாதையில்லை என்று நின்றிருக்கிறார்.

ஓடினோம். எஸ்-பானில் அமர்ந்ததும் அவர் கைக்கடிகாரக் கண்ணாடியில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினார். பிறகு கடவுச்சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடிதம் எழுதும் பகுதிக்கான ஜேர்மன் வசனங்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். அவரிடமிருந்து பொரித்த எண்ணெய் மணத்தது.

பரீட்சை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பத்தொன்பது. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜேர்மன் பெண்மணி மேலே இருந்த கடிகாரத்தைக் காட்டி, முடியாது என்று தலையசைத்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை. அக்கா ஜேர்மனில் மன்னிப்புக் கேட்டார். எங்களில் அன்று முழுக்க ஒரு பிழையும் செய்யாத ஒரே ஆள் அவர். மன்னிப்புக் கேட்டதும் அவர் ஒருவர்தான்.

நான் கண்ணாடியைத் தட்டி ஜேர்மனில் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடும் தங்கச்சி. இன்னும் எத்தினை பேரோடை கதைக்கப் போறீர்?"

கண்ணாடியிலிருந்து கையை எடுத்தேன். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவராகவே சொன்னார்: "உம்மடை பேச்சு குசினிக்கையும் கேட்டது. அந்தப் பாட்டு உதாரணத்துக்கு நாங்களும் சிரிச்சனாங்கள்."

அவர் குத்திப் பேசவில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. பன்னிரண்டு மணிக்கே அவருடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்தால் கதவு திறந்திருக்கும். அண்ணையோடு வாதம் அதன்பிறகும் செய்திருக்கலாம்; அவர் எங்கேயும் போகப்போவதில்லை. வில்லன் கத்தியோடு நிற்க, நானும் மேடையில் நின்று என் பாட்டைப் பாடியிருக்கிறேன். எழுந்த கைதட்டலுக்கு அக்காவின் நேரத்தைச் செலவழித்திருக்கிறேன்.

அடுத்த பரீட்சை நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. அக்கா பாஸ் பண்ணினார். இப்போது ஓர் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறார். அந்த நாலு மாதமும் அவர் ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினார். அண்ணை விழா முடிவில் அனுசரணையாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, "குசினியில் நின்ற தாய்மாருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்தாராம். ரோல்ஸ் மிச்சமில்லாமல் விற்றுப்போனதாம்.

இப்போதும் லிஸ்ட் போடுவது நான்தான். நான்காவது நிரலை அழித்துவிட்டு, 'அன்றைக்கு வேறு என்ன இருக்கிறது?' என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பெண்ணையும் தொலைபேசியில் கேட்கிறேன். "எனக்கென்ன, சும்மாதானே இருக்கிறன்" என்பதுதான் முதல் பதிலாக வரும். போனை வைக்காமல் பேசாமலிருப்பேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பதில் வரும்: மகளுக்கு நீச்சல், டொக்டரிடம் டேர்மின், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நித்திரை. அதைத்தான் எழுதுகிறேன்.

அண்ணை மேலுள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் யாருக்காகவாவது பேச எழும்புகிற ஒவ்வொரு முறையும், அந்த ஆள் என் பேச்சு முடியும்வரை கதவடியில் பையோடு காத்து நிற்கிறாரா என்று முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.