மெரின் டக்வெல்லும் வண்ண அரிசியும்

அழகான வகுப்பறைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மெரின் டக்வெல்லுக்கு ஒரே சந்தேகம்தான் வரும். பிள்ளைகள் உள்ளே நுழைந்த பிறகு இந்த அறை என்ன கதியானது?

அவள் எனக்கு அடுத்த அறை. நடுவே ஒரு மடக்குத் தட்டி மட்டும். அவள் சிரித்தால் என்னுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

எங்கள் சின்னக் கோதுமை ஊரான விர்ரபில்லிலேயே பிறந்தவள். அறுவடைக் காலத்தில் கோதுமைக் குதிருக்கு வரும் லாரிகளை எடைபோடும் வேலையில் பல வருஷம் இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து மெல்பர்னுக்குப் போனதும், வீட்டிலிருந்தபடியே அஞ்சல் வழியில் படித்து, நாற்பது கடந்த பிறகு ஆசிரியை ஆனாள். முதல் இரண்டு வகுப்புகளும் ஒரே அறையில், அவள் பொறுப்பில். ஆசிரியர் பயிற்சிக்குப் போவதென்றால் கங்காருக்களுக்கு வழிவிட்டு அரை நாள் கார் ஓட்ட வேண்டும். ஆகவே அவளுடைய பயிற்சிக் கூடம் கைபேசிக்குள் இருந்தது. மதிய இடைவேளையில் சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்தபடி இன்ஸ்டாகிராமில் ஊர் ஊராகப் புகுந்து வருவாள். வாசிப்பு மூலைகள், கூழாங்கற்களில் எழுதிய எழுத்துகள், அட்டைப் பெட்டியில் செய்த தபால் நிலையம்.

பார்ப்பதோடு விடமாட்டாள். படத்துக்குக் கீழே கேட்டுவிடுவாள்: "ரொம்ப அழகா இருக்கு. மதியம் ரெண்டு மணிக்கு எப்படி இருந்துச்சு?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிலர் அவளைத் தடை செய்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள். டோங்கா என்ற தீவு நாட்டில், வவாவு தீவில் பாடம் நடத்தும் லோசலீன். "ரெண்டு மணிக்கா? மேல இருந்ததெல்லாம் கீழ கிடந்துச்சு. கோழி வேற உள்ள வந்துருச்சு. ஏன் கேக்குற?" அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நிற்கவில்லை.

வண்ண அரிசி யோசனை யாரோ ஒருவரின் படத்திலிருந்து வந்தது. அரிசியில் உணவுச் சாயமும் கொஞ்சம் வினிகரும் கலந்து உலர்த்தி, தட்டில் பரப்பினால், பிள்ளைகள் அதில் விரலால் எழுதிப் பழகலாம். மெரின் மூன்று தட்டு செய்தாள். வாசிப்பு மூலையில் சிவப்பு, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பச்சை, ஜன்னலோரம் நீலம். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெயரின் முதல் எழுத்தைக்கூடத் திருப்பிப் போடும் ப்ரியோனி, அன்று முழுப் பெயரையும் நீலத்தில் எழுதிவிட்டு நகர மறுத்தாள்.

அது எலி பெருகிய வருஷம். நல்ல மழை, நல்ல விளைச்சல், அதற்குப் பின்னால் எலிகள். ரொட்டியை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்தோம்; காலணியை உதறாமல் யாரும் காலை நுழைப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் மூன்று தட்டு அரிசியை இரவு முழுக்கத் திறந்து வைத்திருக்கிறோம் என்று எனக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

காலையில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். ப்ரியோனியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"மிஸ்! எலி பச்சையா ஆய் போயிருக்கு!"

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். தட்டுகள் கிட்டத்தட்டக் காலி. கம்பளத்தில் சிதறிய உமிபோல எலிப் புழுக்கை. சில பச்சை, சில நீலம், சில சிவப்பு. மெரின் முழங்காலிட்டு உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு, ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அருவருப்பே இல்லை.

"யாரும் தொடக் கூடாது. கையைப் பின்னால கட்டிக்கிட்டு கண்ணால மட்டும் பாருங்க. ப்ரியோனி, இந்தப் பச்சை எங்க கிடந்துச்சு?"

"புத்தக அலமாரிக்கு அடியில, மிஸ்."

"பச்சை அரிசி எங்க இருந்துச்சு?"

ப்ரியோனி தொட்டியைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அப்போ அது அங்க தின்னுட்டு இங்க நடந்து வந்திருக்கு."

தலைமையாசிரியர் நெவில் ஹாஸ்கிங் வாசலில் வந்து நின்றார். "மெரின், இது பள்ளிக்கூடமா, எலி ஓட்டலா? பிள்ளைகளை வெளிய அனுப்பு. எல்லாத்தையும் கழுவித் தள்ளு."

"கழுவுறேன் நெவில். அதுக்கு முன்னாடி எது எங்க கிடக்குதுன்னு வரைஞ்சுக்கிறோம். அரை மணி நேரம் குடுங்க."

"எலிப் புழுக்கையை வரையப் போறீங்களா?"

"ஆமா. வழி தெரிஞ்சா அடைச்சிடலாம்ல?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் வாசற்படியில் நின்றபடி விரல் நீட்டிச் சொல்ல, மெரின் தரைப்படம் ஒன்றில் வண்ணப் புள்ளி வைத்தாள். நீலப் புள்ளிகள் தட்டியை நோக்கிப் போயின. என் அறையில் தேடினால், என் நாற்காலிக்குக் கீழேயே நீலம்! என் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெருமை. அங்கிருந்து நடைவழி. நடைவழியிலிருந்து நெவிலின் அறை.

மெரின் கதவைத் தட்டினாள். "உங்க மேஜை டிராயரைக் கொஞ்சம் திறக்க முடியுமா?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு சந்தேகம்."

திறந்தார். பிரித்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று. அதைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக விருந்து நடந்த தடம். நெவில் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் இதுல ரெண்டு தின்னேனே," என்றார். அப்புறம் அவரே எஃகு நார்ச் சுருளை எடுத்துக்கொண்டு வந்து, நடைவழிக் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைக் குனிந்து அடைத்தார். எலி வருவது அடியோடு நின்றது என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் அது யார் வீட்டிலும் நிற்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கவென்று மறுநாள் வைத்த அரிசியில் பாதி மிஞ்சியது.

மெரின் அன்று மாலை காலித் தட்டுகளையும் புள்ளி வைத்த படத்தையும் இன்ஸ்டாவில் போட்டாள். அதுவரை அவள் சொந்தமாக ஒரு படம்கூடப் போட்டதில்லை. "வண்ண அரிசி. இதுதான் ரெண்டாம் நாள்," என்று மட்டும் எழுதினாள். எனக்கு உள்ளூரப் பயம். ஊர் மானம் போகிறதே என்று. மறுநாள் பார்த்தால் பதில்கள் குவிந்திருந்தன. ஒருவர் வகுப்பில் எறும்பு. ஒருவர் வகுப்பில் பசை பிடித்து ஒட்டிக்கொண்ட தலைமுடி. இன்னொருவரின் காகித எரிமலை தீயணைப்பு மணியை அலறவைத்ததாம். எல்லோரும் அதுவரை காட்டாமல் வைத்திருந்த படங்கள்.

அடுத்த பருவத்தில் வட்டார ஆசிரியர் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். மேடைக்கு வரமாட்டேன் என்றாள். "எல்லாரும் சொதப்பின படம் ஒண்ணு போன்ல கொண்டு வாங்க. சுத்தி உக்காந்து பார்ப்போம்," என்றாள். நானும் ஒன்று கொண்டுபோனேன். அது என்னவென்று இங்கே சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு தீர்வை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் இரண்டே வரியில் சொன்னார்.

குளிர்கால விடுமுறையில் மெரின் முதல் முறையாகக் கடல் தாண்டி, வவாவு தீவுக்குப் போனாள். அங்கே பள்ளி திறந்திருந்தது. லோசலீனின் வகுப்பில் பாயில் உட்கார்ந்தபடி எனக்கு வீடியோவில் வந்தாள்.

"இங்க ஒரு பொண்ணு கேக்குறா, எலிக்கு நிறம் தெரியுமான்னு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"எனக்கும் தெரியல. லோசலீனுக்கும் தெரியல. தேங்காய்த் துருவலுக்கு மூணு சாயம் போட்டு வைக்கிறோம்."

மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். மூன்று கிண்ணமும் சுத்தமாகக் காலி.

"அப்போ நிறம் ஒரு பொருட்டே இல்லைன்னு தெரிஞ்சு போச்சு," என்றேன்.

"நானும் அதைத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு ஒத்துக்கவே மாட்டேங்குறா. தின்னது எலின்னு யாரு பார்த்தா, கோழியா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறா." மெரின் சிரித்த சிரிப்பில் கைபேசி ஆடியது. "சரியான கேள்விதானே? எச்சம் என்ன நிறம்னு பார்க்க லோசலீன் இப்போ கோழியைப் பிடிக்கப் போயிருக்கா."